கொந்தளிப்பும் கும்மிடிப்பூண்டி ராணியும்

இந்தியாவிலேயே கோபத்தைக் கையிருப்பில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் கொந்தளிப்புதான். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. அவருக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆண்கள் கோபம், பெண்கள் கோபம், முதியோர் கோபம், குடத்தோடு கோபம், குடமில்லாமல் கோபம் என்று வகை வகையாகப் பிரித்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருந்தார். நாட்டில் எந்த மூலையில் என்ன நடந்தாலும் சரி, அதற்குப் பொருத்தமான கோபம் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடும்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில், உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே நான் செய்தி எழுதும் வேலையில் இருந்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திரைக்கு அடியில் ஒரு வரி ஓடுமே, அந்த வரியை ஓட்டுவதுதான் வேலை. தினமும் காலையில் சென்னையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் சிப்காட் தொழிலாளர்களோடு நசுங்கிக்கொண்டு போய், சாயங்காலம் அதே மாதிரி நசுங்கிக்கொண்டு திரும்புவேன். சேனலில் மொத்தமே மூன்று பேர். நான், கொந்தளிப்பு, அப்புறம் ஓனர். ஓனர் ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரர், கண்ணில் படுகிற எல்லாரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். அதனால் ஊரே சேர்ந்து அவரை நைனா ஆக்கிவிட்டது.

கொந்தளிப்புக்கு அவருடைய பெற்றோர் நல்லதாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் கொண்டுவரும் எல்லாச் செய்தியும் 'பொதுமக்கள் கொந்தளிப்பு' என்றுதான் முடியும். ஜி.என்.டி. ரோட்டில் மாடு படுத்தால் பொதுமக்கள் கொந்தளிப்பு. மாடு எழுந்து போய்விட்டால், 'மாடு எங்கே? பொதுமக்கள் கொந்தளிப்பு.' ஒரு தடவை பக்கத்து கிராமத்தில் கும்பாபிஷேகம். தள்ளுமுள்ளு இல்லை, திருட்டு இல்லை, சாப்பாட்டில்கூடக் குறை இல்லை. மனுஷன் என்னதான் செய்வார் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். ராத்திரி செய்தியில் வந்தது: 'அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா? பக்தர்கள் கொந்தளிப்பு!'

இதற்கு முன்னால் அவர் சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் கியூ.சி. இன்ஸ்பெக்டராக இருந்தவர். குழாயைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்வாராம். கம்பெனி மூடிய பிறகு மனிதர்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். மைக்கை நீட்டுவார், ஆள் பேசுவார், இவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். திருப்தி இல்லையென்றால் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"அண்ணே, ரிஜெக்ட். இது பாஸாகாது."

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பைக்கைத் திருட்டுக் கொடுத்த ஒருவரிடம் இப்படித்தான் மைக்கை நீட்டினார். அந்த மனுஷன் பரம சாது. "போனா போவுது சார், பழைய வண்டிதானே" என்றார்.

"ரீவொர்க்!" என்றார் கொந்தளிப்பு. "அண்ணே, கல்யாணம் ஆன புதுசுல சம்சாரத்த அந்த வண்டில எங்க இட்டுனு போனீங்க? நல்லா ரோசனை பண்ணுங்க."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க உதடு துடித்தது. நடு ரோட்டில் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். "அழுவாதீங்க, கோபப்படுங்க! அழுகை எனக்கு வாணாம்!" என்று இவர் கத்துகிறார். இதற்குள் போலீஸ்காரர் ஒருவர் அதே பைக்கை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார், டீக்கடைப் பின்பக்கம் நின்றிருந்ததாம். வண்டி கிடைத்த பிறகும் அந்த மனுஷன் அழுகையை நிறுத்தவில்லை. அன்றைய செய்தி என்ன தெரியுமா? 'பைக்கைக் கண்டுபிடித்த போலீஸ், உரிமையாளர் கொந்தளிப்பு.'

கையிருப்பு சேர்ந்ததும் இந்தக் கியூ.சி. புத்தியால்தான். எங்கேயாவது ஜனங்கள் நிஜமாகவே கோபமாக இருந்தால், வந்த வேலை முடிந்ததும் இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிடுவார். "இன்னா மேட்டருன்னு சொல்லாதீங்க. பொதுவா நாலு திட்டு திட்டிட்டுப் போங்க, பின்னாடி உதவும்" என்பார். ஜனங்களும் பாவம், சந்தோஷமாகத் திட்டிவிட்டுப் போவார்கள். மழை, கரன்ட் கட், மொபெட் பஞ்சர் என்று அவரால் வெளியே போக முடியாத நாட்களில் அந்த ஸ்டாக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இதில் ஒரே ஒரு சிக்கல். அவர் யாருடைய முகத்தையும் பார்த்ததே கிடையாது. கண் நன்றாக விரிகிறதா, கை உயருகிறதா, குரல் உடைகிறதா, இவ்வளவுதான் பார்ப்பார். ஒரே ஆளை மூன்று தடவை பேட்டி எடுத்துவிட்டு நாலாவது தடவை "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு ஒரு ராணி கிடைத்தாள்.

ரூபி என்ற பெண். மாதா கோயில் தெருக் காலனி. தாத்தா காலத்தில் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம், இவள் தலைமுறையில் சிப்காட்டுக்கு வந்துவிட்டது. செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. நல்ல கருப்பு, அதைவிட நல்ல வாய். கம்பெனி பஸ்ஸில் வரும்போது தலையில் ஹெல்மெட்டும் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியுமாக ராஜா ராணி வசனம் பேசி வீடியோ போடுவாள். அதைச் சென்னையில் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். பழைய சிறுவர் தொடர்கதை ஒன்றை அவர்கள் வெப் சீரிஸாக எடுக்கப்போகிறார்கள். கடலுக்கு அடியில் ஒரு ராஜ்யம், அதற்கு ஒரு ராணி, அந்த ராணிக்கு வாகனம் சிறகு முளைத்த சுறாமீன். ராணி வேஷத்துக்கு ரூபியைக் கூப்பிட்டு நடிக்கச் சொல்லிப் பார்த்து, அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

போட்டோ வெளியானதுதான் தாமதம். அந்தக் காலத்துப் புத்தகத்தில் ஓவியர் ராணியைப் பால்கோவா நிறத்தில் போட்டிருந்தாராம். "எங்கள் குழந்தைப் பருவத்தையே அழித்துவிட்டார்கள்" என்று யாரோ நாலைந்து பேர் இணையத்தில் புலம்பினார்கள். சென்னைச் சேனல்களுக்கு அது போதாதா? அதே நாலைந்து பதிவுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, 'கிளம்பியது எதிர்ப்பு!' என்றார்கள். சாயங்காலமானால் திரையில் எட்டுக் கட்டம், எட்டுக் கட்டத்திலும் எட்டுப் பேர். மூலக்கதைக்குத் துரோகம் என்றார் ஒருவர். கடலுக்கு அடியில் சூரியன் படாது, ஆகவே ராணி வெள்ளையாகத்தான் இருந்திருப்பாள் என்று ஒரு பேராசிரியர் அறிவியல்படி நிரூபித்தார். சுறாமீனுக்குச் சிறகு எப்படி வந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நைனா ஆபீஸுக்குப் போன் போட்டார். கொந்தளிப்பு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா, மெட்ராஸ் சேனல் மொத்தமும் நம்ம ஊரு பொண்ணு மேட்டர் ஓட்டுறான். நாம சும்மா கீறோம். அந்தப் பொண்ணோட சொந்த ஊர்லயே எதிர்ப்புன்னு ஒரு ஐட்டம் வேணும். சாயங்காலம் ஏழு மணி நியூஸ். அது கெடைச்சா மெட்ராஸ்காரன் நம்மகிட்ட வந்து நிப்பான்!"

"ஏழு மணி இன்னாத்துக்கு நைனா? நாஷ்டா துன்னுட்டு வரதுக்குள்ள எடுத்துனு வரேன்" என்று மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார் கொந்தளிப்பு. அன்றைக்குப் போல அவரை நான் உற்சாகமாகப் பார்த்ததே இல்லை.

முதலில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. அங்கே ஆட்டோ பாபு இருப்பார். பெட்ரோல் விலை ஏறினாலும் திட்டுவார், இறங்கினாலும் திட்டுவார். கொந்தளிப்பின் அகராதியில் பொதுமக்கள் என்றால் பாதி ஆட்டோ பாபுதான், அவரையும் குரலை வைத்துத்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்து அவர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பாபு, ராணி கருப்பா இருக்குதாம். ஒரு கோபம் குடு."

"இன்னா சார் நீ, நம்ம ஊட்டுப் பொண்ணு ராணியாவுது, நீ வந்து கோபம் கேக்கற?"

"கதைல வெள்ளைன்னு கீதாமே!"

"கதை எழுதனவரு நம்ம சிப்காட் பக்கம் வந்திருக்க மாட்டாரு. இந்த வெயில்ல ஒரு ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்னாருன்னு வையி, ராணி இன்னா, ராஜாவே கருத்துடுவாரு. உக்காரு, டீ குடி."

கொந்தளிப்பு டீயைக் குடித்துவிட்டு பொன்னேரி மார்க்கெட்டுக்கு மொபெட்டை விட்டார். மீன் விற்கும் அம்மா ஒருவர் மைக்கைப் பார்த்ததுமே கண்ணை உருட்டிக் கையை ஓங்கி, தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாராம். இவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு தரமான கோபத்தைப் பார்த்து! முழுசாகப் பதிவு செய்துகொண்டு, தனியாக வந்து போட்டுக் கேட்டால், "எம் மீன் கூடைல ஷூ காலை வச்சிக்கினு நிக்கறியே, எட்ரா காலை!" என்று இருக்கிறது.

அங்கிருந்து திருவள்ளூர். கோயில் வேலையில் இருப்பவர்கள் மரபு, பழமை என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள், அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்கு. பூஜை முடித்து வந்த பட்டர் ஒருவர் பொறுமையாக முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆக, ராணி கருப்பா இருக்கப்படாதுன்னு நான் சொல்லணும். அதானே?"

"ஆமா சாமி. கொஞ்சம் கையத் தூக்கிச் சொன்னீங்கன்னா..."

"உள்ள படுத்துண்டிருக்காரே பெருமாள், அவர் என்ன நிறம்னு சேவிச்சுட்டு வந்தேளா?"

கொந்தளிப்பு பெருமாளைச் சேவித்துவிட்டு, துளசி வாங்கிக்கொண்டு, ஊத்துக்கோட்டைக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே பஸ் ஸ்டாண்டில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒருவர் கேள்வியை முடிக்க விடவில்லை. "ஒத்துக்க மாட்டேன் சார்! அந்தப் பொண்ண எப்பிடி ராணியா போடலாம்? இது அநியாயம்!" என்று துண்டை உதறினார். கண், கை, குரல் மூன்றும் பாஸ். கொந்தளிப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஏன் ஒத்துக்க மாட்டீங்க?"

"எம் பொண்ணு ஊட்ல இருக்குதே சார்! அத்த வுட்டுட்டு இத்த எடுத்தா?"

"உங்க பொண்ணு இன்னா கலரு?"

"அந்தப் பொண்ண விடக் கருப்பு சார்! அதத்தான் நானும் சொல்லிக்கினு கீறேன்!"

சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸ் படி ஏறி வந்தவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. தலையெல்லாம் செம்மண். மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, "பேஜாரு சார். இன்னிக்கு ஒருத்தனுக்கும் கோபமே வரல. ஊருக்கு இன்னா ஆச்சு?" என்றார். கடை முழுவதும் தேடியும் சரக்கு கிடைக்காத வியாபாரியின் குரல் அது. அதற்குள் நைனாவிடமிருந்து போன் மேல் போன்.

கொந்தளிப்பு கம்ப்யூட்டரைத் திறந்தார். 'பெண்கள், குடத்தோடு' என்ற இடத்தில் தேடி ஒன்றை எடுத்தார். போன கோடையில் எடுத்தது. ஒரு அம்மா கண் சிவக்க, "எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு கீறாங்க? இத நாங்க ஒத்துக்கவே மாட்டோம்!" என்று கத்துகிறார். படத்தின் கீழ்ப் பக்கத்தை வெட்டினார், குடம் போயிற்று. முகம் மட்டும் நின்றது. தலையைச் சாய்த்து ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஓகே" என்றார். ஏழு மணிக்குச் செய்தி போயிற்று: 'கருப்பு ராணி: சொந்த ஊரிலேயே பொதுமக்கள் கொந்தளிப்பு.'

எட்டு மணிக்குள் சென்னைச் சேனல்கள் அதை எடுத்துவிட்டன. நைனா ஆனந்தத்தில் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். ஒன்பது மணி விவாதத்தில் ஏதோ ஒரு சேனல்காரர் அந்த அம்மா யார் என்று கண்டுபிடித்துவிட்டார். எட்டுக் கட்டத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் ஓடியது: 'பெற்ற தாயே எதிர்ப்பு!'

குடத்தோடு கத்திய அந்த அம்மா, ரூபியின் அம்மா மேரி.

மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குள் நுழைகிறேன், பின்னாலேயே மாடிப்படி அதிருகிறது. மேரி அக்கா முன்னால் வருகிறார், காலனிப் பெண்கள் மொத்தமும் பின்னால் வருகிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். வந்த வேகத்தில் மேரி அக்கா தன் குடத்தை மேஜை மேல் ஒரு அடி அடித்தார், என் டீ டம்ளர் உருண்டது.

"எவன்யா அவன், எம் மூஞ்ச வெட்டி டிவில ஒட்டனவன்? போன வருசம் குழாயில தண்ணி வரலன்னு கத்தனேன்யா நானு! எம் பொண்ணு நடிக்கறதுக்கு நான் எதுக்குய்யா கத்தப் போறேன்? போட்டா வந்த அன்னிலர்ந்து ஊடு ஊடா கேக்கு குடுத்துக்கினு கீறேன்!"

கூட வந்த பெண்கள் ஒரே குரலில், "ஆமா, நாங்க துன்னோம்!" என்றார்கள்.

"எம் பொண்ணு அங்க ஓன்னு அழுவுது. அம்மா தண்ணிக்குப் பேசுனதுன்னு அது சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறானாம். பெத்தவளே வாணான்னா நாளைக்கி தகராறு வரும்னு சூட்டிங்க நிறுத்திட்டாங்க. இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள இது பொய்யின்னு தெரியலன்னா பம்பாயிலர்ந்து வேற பொண்ணு வருதாம். இத்தினி வருசம் கம்பெனி பஸ்ல தொங்கிக்கினு போன பொண்ணுய்யா அது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ராணியா நின்னா உங்களுக்கு இன்னாய்யா போச்சு?"

கடைசி வார்த்தை சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கொந்தளிப்பைத் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது, ஓடியிருப்பார் என்றே நினைத்தேன். மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நிற்கிறார். முதல் தடவையாக ஒருவருடைய முகத்தைப் பார்க்கிறார். நெற்றி, மூக்கு, காதில் கிடந்த சின்னத் தோடு, எல்லாவற்றையும் பார்க்கிறார்.

"அக்கா" என்றார் மெதுவாக. "உங்க பேரு இன்னா?"

"மேரி. அது எதுக்கு உனுக்கு?"

"மேரிக்கா, இதே மாதிரி, ஒரு வார்த்தை கொறைக்காம, என்னைத் திட்டணும். லைவ்ல. வருவீங்களா?"

எங்கள் ஸ்டுடியோ என்பது ஒரு மேஜை, பின்னால் நீலத் துணி. அதன் முன்னால் அத்தனை பெண்களையும் குடத்தோடு நிறுத்தினார். தானே கேமராவைப் போட்டுவிட்டு ஓடிவந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "சார், வரியப் போடு! சேனல் மீது பொதுமக்கள் கொந்தளிப்பு!" என்று கத்தினார். நான் போட்டேன். அந்தச் சேனலில் நான் ஓட்டிய வரிகளிலேயே சத்தியமான வரி அதுதான்.

"வணக்கம். நேத்து நம்ம சேனல்ல ஒரு பொய்ச் செய்தி வந்தது. அதை ஒட்டினது யாரு?" என்று மைக்கை நீட்டினார்.

"நீதான்யா!" என்றார்கள் அத்தனை பேரும்.

"வெட்டினது இன்னா?"

"எங்க குடத்த!"

கொந்தளிப்பு மேரி அக்காவின் குடத்தை வாங்கித் தன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இந்தக் குடத்தைத்தான் நான் வெட்டினேன். இந்தம்மா தண்ணிக்குக் கத்தினாங்க. நான் அத்த எடுத்து அவங்க பொண்ணு தலைல போட்டேன்."

அந்த நேரம் பார்த்து கொந்தளிப்புக்கு நைனாவின் போன். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார். "நைனா! நம்ம சேனல்ல நம்மளயே திட்றாங்க! கேபிளப் புடுங்கு!" என்று அலறுவது எனக்கே கேட்டது. கொந்தளிப்பு போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார்.

"நேரலையில் நம்முடன் சேனல் உரிமையாளர் இணைந்திருக்கிறார். சொல்லுங்க சார், நீங்க இன்னா சொல்ல வரீங்க?"

தன் குரல் டிவியில் வருவதை நைனா கேட்டுவிட்டார். ஒரு கனைப்பு. "அனைவருக்கும் வணக்கம்" என்றார் நைனா. "தாய்க்குலத்தின் உணர்வுகளை நம் சேனல் என்றும் மதிக்கும்." போனை வைத்துவிட்டார்.

பெண்கள் கைதட்டினார்கள். கொந்தளிப்பு கேமராவுக்குப் பக்கத்தில் போனார். "இன்னொரு விஷயம். நேத்து நான் பொன்னேரி போனேன், திருவள்ளூர் போனேன், ஊத்துக்கோட்டை போனேன். ராணி கருப்பா இருக்கக் கூடாதுன்னு சொல்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு கெடைக்கல. அதுதான் நியூசு. அத நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன். இப்ப போடறேன், பாருங்க."

ஒன்று விடாமல் போட்டார். ஆட்டோ பாபு வந்தார், பட்டர் வந்தார், காலை எடுக்கச் சொன்ன மீன்கார அம்மாவும் வந்தார். ஊத்துக்கோட்டைக்காரர் வந்தாரே, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் தமிழ்நாட்டில் போன் வைத்திருந்த எல்லாரும் 'அதத்தான் நானும் சொல்லிக்கினு கீறேன்' என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேரி அக்கா குடத்தோடு நிற்கும் வீடியோ அதற்குப் பின்னாலேயே ஓடியது.

சென்னைச் சேனல்கள் சும்மா இருக்குமா? 'ராணிக்கு ஆதரவாகத் திரண்டது ஊர்!' என்று அதே எட்டுக் கட்டம், அதே எட்டுப் பேர். கடலுக்கு அடியில் ஒரே இருட்டு, அங்கே ராணி கருப்பாகத்தான் இருந்திருப்பாள் என்று அதே பேராசிரியர் அறிவியல்படி நிரூபித்தார். மூலக்கதைக்குத் துரோகம் என்றவர் மட்டும் கொஞ்சம் தடுமாறி, துரோகத்திலும் ஒரு மரபு உண்டு என்று ஏதோ சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் மேரி அக்கா மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். இந்தத் தடவை தனியாக, போனைக் காதில் வைத்தபடி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"அங்கிள்" என்றது ரூபியின் குரல். "நாளைக்கி எனக்குத்தான் சூட்டிங். வேற யாரும் வரல." அப்புறம், "எங்கம்மாவ சூப்பரா எடுத்திருக்கீங்க அங்கிள். ராணி கோபம் எப்பிடி இருக்கணும்னு டைரக்டர் அந்த வீடியோவத்தான் எனக்குப் போட்டுக் காட்டறாரு" என்றாள்.

கொந்தளிப்பு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேகமாகப் படி இறங்கிப் போய், பேட்டரிக் கடை வாசலில் சுவரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

அன்றைக்கே அவர் கையிருப்பு மொத்தத்தையும் அழித்துவிட்டார். ஆண்கள், பெண்கள், முதியோர், ஒன்று மிச்சமில்லை. நைனா தலையில் அடித்துக்கொண்டார். "எத்தினி வருச டப்பு நைனா அது!" என்று புலம்பினார். அதற்கப்புறம் கொந்தளிப்பு யாரிடம் மைக்கை நீட்டினாலும் முதல் கேள்வி "உங்க பேரு இன்னா?" என்பதுதான். சிலரிடம் பெயரில் ஆரம்பித்துப் பிள்ளைகள் படிப்பு வரைக்கும் பேசிவிட்டு, செய்தியையே கேட்க மறந்து திரும்பி வருவார். நான் ஓட்ட வரி இல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

சீரிஸ் வெளியான அன்றைக்கு மாதா கோயில் மைதானத்தில் பெரிய வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். வேலை முடிந்து கம்பெனி யூனிபாரத்தோடேயே வந்து உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர். நானும் கடைசி ட்ரெயினைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிட்டேன். ஜனங்களின் கருத்தை எடுக்க வேண்டும் என்று நைனா அனுப்பியதால் கொந்தளிப்பு மைக்கோடு ஓரமாக நின்றார். கொஞ்ச நேரம் கடல்தான் தெரிந்தது, வெறும் நீலம். அப்புறம் அந்த நீலத்தைக் கிழித்துக்கொண்டு சிறகு விரித்த சுறாமீன் மேலே வந்தது. அதன் முதுகில் தலை நிமிர்ந்து ரூபி.

அந்த மைதானம் எழுந்தது பாருங்கள்! விசில், கைதட்டல், குலவை. ஆட்டோ பாபு சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். மேரி அக்கா மட்டும் எழவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொந்தளிப்பிடம் போனேன். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் ஈரம்.

"சார், இங்க ஒருத்தருக்கும் கோபமே இல்ல" என்றார். "எல்லாரும் சந்தோசமா கீறாங்க. இத இன்னான்னு சார் போடறது?"

"அப்படியே போடுங்க" என்றேன்.

பத்திரிகை, டிவி என்று எத்தனையோ செய்தியாளர்களோடு வேலை பார்த்துவிட்டேன். நான் கட்டிப்பிடித்து அழுதது அவரை மட்டும்தான்.